முதலில் செத்தது எது?

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டார் மாமா.

"ரெண்டு மணி ஐம்பது நிமிஷம். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்துடுவார். அதுக்குள்ள ஒரு வாய் சாப்பிட்டுடலாமா?"

"நாலு மணிக்கு ஒரு மனுஷனை உள்ள தள்ளப் போறாங்க. உனக்கு வயிறு."

"உள்ள தள்ளுறதுன்னாலே எனக்கு சாப்பாடுதான் ஞாபகம் வருது மாமா."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்க மாட்டார் என்று தெரிந்தும் சொல்லிவிட்டேன், அது என் பிறவிக் குணம்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, எது விபத்து, எது நாடகம் என்று சொன்னவர். வேலையை விட்ட பிறகும் எல்லோரும் அவரை சர்வேயர் என்றே கூப்பிடுகிறார்கள். நான் அவருடைய உதவியாளன். மூன்று கம்பெனிகள் என்னை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்ட பிறகு, அக்கா கண்ணீரும் கம்பலையுமாக நின்று வாங்கிக் கொடுத்த உத்தியோகம் இது.

நாங்கள் உட்கார்ந்திருந்தது கோப்பைகள், கேடயங்கள், கைக்கடிகாரங்களில் பெயர் வெட்டித் தரும் கடை. எங்களைக் கூப்பிட்டனுப்பிய கடைக்காரிக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அக்கம்பக்கத்தில் அவளை எழுத்துக்காரி என்கிறார்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்தரிக்கோலில் 'இரவல் கிடையாது' என்று வெட்டியிருந்தது. மின்விசிறி சுவிட்சில் 'போகும்போது அணை'. என் நாற்காலியின் இரும்புக் கையில் 'ஆட்டாதே'. நான் ஆட்டிக்கொண்டிருந்தேன், உடனே நிறுத்தினேன்.

"பேனா கையில இருந்தா சும்மா இருக்க வராது சார்," என்றாள் எழுத்துக்காரி. கண்களுக்குக் கீழே ஆறு நாள் தூக்கம் பாக்கி இருந்தது. மேஜையில் பென்சில் பருமனில் ஒரு மின்சாரப் பேனா கிடந்தது. அதன் ஊசி முனை துடித்துத் துடித்து எந்த உலோகத்திலும் எழுத்தை இறக்கிவிடும்.

"விஷயத்துக்கு வாங்கம்மா," என்றார் மாமா.

"எங்கப்பா பழைய ரேஸ் பைக் இன்ஜின் கட்டுறவர். என் வீட்டுக்காரர் அதை ஓட்டுறவர். ஆறு நாளைக்கு முன்னாடி, பந்தயத்துக்கு முந்தின ஒத்திகையில, நேர் ரோட்டுல முழு வேகத்துல போகும்போது இன்ஜின் உள்ளேயே வெடிச்சு, பின் சக்கரம் இறுகிடுச்சு. தூக்கி எறிஞ்சிருக்கு. தொடையில மூணு இடத்துல கம்பி. நேத்துதான் கண்ணைத் திறந்தார்." மூச்சு வாங்கினாள். "எங்க கல்யாணம் அப்பாவுக்குப் பிடிக்கல. ரேஸ்காரனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேன்னார். கல்யாணத்தன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி, 'நான் கட்டுற இன்ஜின்லயே ஒருநாள் இவன் போய்ச் சேருவான்'னு சொன்னார். இப்ப அதையே எல்லாரும் திருப்பிச் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். எங்கப்பா என் புருஷனைக் கொல்லப் பார்த்தாரா, இல்லையா? ஆமாம்னாலும் சரி. பூசி மெழுக வேண்டாம். போலீசுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும். சொல்வேன்னு வாக்குக் கொடுங்க."

"எதுவா இருந்தாலும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்," என்றார் மாமா.

வாக்குக் கொடுப்பது மாமாவுக்கு வழக்கமில்லை. அக்காவுக்கே அவர் கொடுத்தது ஒன்றுதான், அதையும் எழுதி வாங்கிக்கொண்டாள்.

"அப்பாவை நீங்களே கேட்டீங்களா?"

"கேட்க விட்டாத்தானே? வண்டியை மூடுற அன்னைக்கு சாயந்தரம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். எட்டு நாளாச்சு. விபத்துக்கப்புறம் பட்டறைப் படியை மிதிக்க விடல. 'உள்ள வராதே, வீட்டுக்குப் போ'ன்னு வாசல்லயே நிறுத்திடுறார்." இழுப்பறையைத் திறந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இதை அவர்கிட்ட கொடுத்துடுங்க. பத்து நாளைக்கு முன்னாடி இங்க வச்சு மறந்துட்டுப் போயிட்டார். கண்ணாடி போட்டா வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்."

கூட்டின் தகரத்தில் மணி மணியான எழுத்தில் 'என்னைப் போட்டுக்கொண்டு வேலை செய்யவும்' என்று வெட்டியிருந்தது. நான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பட்டறை ஒரு டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே போகும் சந்தின் கோடியில் இருந்தது. வாசலில் பளபளக்கும் கார் ஒன்றும், அதைவிடப் பளபளப்பாக ஒரு மனிதரும் நின்றார்கள். அவர்தான் பைக்கின் சொந்தக்காரர். முப்பத்தெட்டு பழைய வண்டிகள் வைத்திருக்கிறாராம். ஒன்றிலாவது உட்கார்ந்து தெருமுனை வரை போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். கால்சட்டை அழுக்காகும் என்றார். அந்த நிமிஷமே அவருக்கு மியூசியம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"என்ன சர்வேயர் சார், பார்க்க இன்னும் என்ன இருக்கு?" என்று மியூசியம் கூடவே உள்ளே வந்தார். "இன்ஜினைத் திறந்த அன்னைக்கு, உள்ளே உடைஞ்சு கிடந்தது பன்னிரண்டு துண்டுன்னு போலீஸ் எழுதி வச்சிருக்காங்க. நேத்து நான் எண்ணினேன். பதினொண்ணுதான் இருக்கு. ஒரு துண்டை முழுங்கினவன்தானே குத்தவாளி? நாலு மணிக்குள்ள அந்தத் துண்டு வரலேன்னா ஆளைக் கொண்டுபோறேன்னு இன்ஸ்பெக்டரே சொல்லிட்டார்."

அந்தப் பட்டறையைப் பார்த்து நான் கொஞ்சம் அசந்துதான் போனேன். மெக்கானிக் கடை என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய்க் குளமும் திருகாணிக் குப்பையும்தான். இங்கே சுவரில் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்தையே வெள்ளையில் வரைந்து, அதனதன் இடத்தில் மாட்டியிருந்தது. நடுவில் சிவப்பு டேங்க் வைத்த அந்தப் பழைய பைக். அதன் இன்ஜின் வயிற்றில் என் கை முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை.

ஓரத்தில் நின்றார் எழுத்துக்காரியின் அப்பா. அவரை எல்லோரும் மேஸ்திரி என்றார்கள். உயரம், ஒல்லி, மூன்று நாள் தாடி. எங்களுக்கு டீ கொடுத்தார். ஒவ்வொரு டம்ளராக வலது கையாலேயே கொண்டுவந்து வைத்தார். இடது கை கால்சட்டைப் பையிலேயே இருந்தது.

"அந்தக் கை அங்கேயே குடியிருக்கா?" என்று மாமாவின் காதில் கிசுகிசுத்தேன்.

"வாயை மூடு. கண்ணைத் திற."

கண்ணாடிக் கூட்டை நீட்டினேன். மேஸ்திரி அதன் எழுத்தை வலது கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, திறக்காமலே அலமாரியில் வைத்தார்.

மாமா தட்டிலிருந்த இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் எடுத்து வைத்தார்.

"மாப்ளே, இது என்னன்னு தெரியுமா?"

"காயலான் கடை."

"கனெக்டிங் ராடு. மேல பிஸ்டன் ஏறி இறங்கும், கீழ கிராங்க் சுத்தும். ரெண்டையும் கோத்துப் பிடிச்சிருக்கிற கை இது. நிமிஷத்துக்கு ஏழாயிரம் தடவை இழுபட்டு அமுங்கும். இது ஒடிஞ்சா மிச்சம் இருக்கிற முண்டம் உள்ளே சுத்திச் சுத்தி அடிச்சு, வழியில இருக்கிறதையெல்லாம் நொறுக்கிடும்."

ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். உடைந்த முனை போக மற்ற இடமெல்லாம் என் மூக்கு தெரியும் அளவுக்குப் பளபளத்தது. "இன்ஜினுக்குள்ள இருக்கிற சாமான். யாரு பார்க்கப் போறான்னு இவ்வளவு பாலிஷ்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

அதுவரை ஊமையாக நின்ற மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அழகுக்கா பண்றோம்? மூணு நாள் உட்கார்ந்து தேய்க்கிறதே, மேல ஒரு கீறல்கூட இருக்கக் கூடாதுன்னுதான் தம்பி. குறுக்கால ஒரு மயிரிழை கீறல் இருந்தா போதும், அங்கேருந்துதான்…"

சட்டென்று நிறுத்திக்கொண்டார். முகத்திலிருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாமா தலையைத் தூக்கவே இல்லை, ஆனால் அவருடைய கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் அடுத்த துண்டை எடுத்தது.

"இதைப் பாருங்க!" மியூசியம் ஒரு நட்டைத் தூக்கிக் காட்டினார். "ராடோட அடிப்பக்கத்தைச் சேர்த்துப் பிடிக்கிற ரெண்டு போல்ட்டுல ஒண்ணோட நட்டு. தனியா கிடந்துச்சு. தளர்த்தி விட்டிருக்கார். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்."

"புரியட்டும்," என்று மேஸ்திரி சொன்னார். குரல் தரையில் கிடந்தது. "நேரத்தை எதுக்கு வீணாக்குறீங்க? நட்டை நான் சரியா முடுக்கல. எழுதிக்கோங்க. எங்க கையெழுத்து போடணுமோ போடுறேன்."

வந்த வேலை இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. அவளிடம் இதைப் போய்ச் சொல்லப்போவது யார்?

"கேட்டீங்களா, அவர் வாயாலேயே வந்துடுச்சு!" மியூசியம் குதித்தார்.

மாமா அந்த போல்ட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நட்டு கழண்டுடக் கூடாதுன்னு போல்ட்டுக்குக் குறுக்கே ஒரு ஓட்டை போட்டு, உள்ளே ஒரு சின்னக் கம்பியைச் செருகி மடக்கிடுவாங்க. ஸ்பிளிட் பின். வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. இந்த ஓட்டைக்குள்ள பாருங்க. கம்பியோட நடுப்பாகம் இன்னும் உள்ளேயே இருக்கு, ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போயிருக்கு. அப்படின்னா நட்டு பிய்ச்சுக்கிட்டு வரும்போது தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்திருக்கு. யாரும் கதவைத் திறந்து விடல. மேஸ்திரி, நீங்க செஞ்ச வேலை சுத்தம். செய்யாத தப்பை ஏன் ஒத்துக்கிறீங்க?"

மாட்டிக்கொண்டவன் பொய் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பான். இவர் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளப் பார்க்கிறார். இப்படி ஒரு குற்றவாளியை நான் பார்த்ததில்லை.

மாமா துண்டுகளை ராடின் உருவத்துக்கு அடுக்கினார். மேலே பிஸ்டனைப் பிடிக்கும் வளையம். கீழே போல்ட் போடும் பெரிய வளையம், நான்கு துண்டாக. நடுவே இரண்டு விரல் அகலத்துக்குத் துணிதான் தெரிந்தது.

"தலை இருக்கு, கால் இருக்கு, இடுப்பைக் காணோம்," என்றேன்.

"இந்தத் துணி மேல பதினொரு பொணம் கிடக்கு மாப்ளே. எல்லாம் அடிபட்டுச் செத்தது. உடைஞ்ச முகம் கல்லு மாதிரி சொரசொரன்னு இருக்கு பாரு. ஒரே அடியில போனதுன்னு அர்த்தம். ஆனா முதல்ல செத்தது எதுவோ, அது இப்படி இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா, நாள் கணக்குல விரிசல் விட்டு, உள்ளேயே தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும். முதல்ல செத்தது எதுன்னு தெரிஞ்சா ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்சுடும். இந்தப் பதினொண்ணுல அது இல்லை."

"அப்போ பன்னிரண்டாவதுதான்."

"அதேதான்." மாமா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பதினைந்து. பிறகு என்னைப் பார்த்து, கண்ணால் மியூசியத்தைக் காட்டினார். இந்த மாதிரி வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

"சார்," என்றேன், "வெளியே யாரோ ஒருத்தர் உங்க கார் மேல சாய்ஞ்சு நின்னு சாவியால முதுகு சொறிஞ்சுக்கிட்டிருக்கார்."

மியூசியம் ஓடிய வேகத்துக்கு அந்தப் பைக்கே தோற்றிருக்கும். நான் கதவைச் சாத்தித் தாழ்போட்டேன்.

மாமா எழுந்து சுவரருகே போனார். வரிசையாக அரங்கள் மாட்டியிருந்த இடத்தில், எல்லாவற்றிலும் சின்ன அரம் மட்டும் தன் வெள்ளை உருவத்துக்குள் இல்லாமல் பக்கத்து ஆணியில் தொங்கியது. அதை விரலால் தட்டினார். பிறகு, சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் இடுக்கில் விரலை ஓட்டி எடுத்தார். விரல் நுனியில் இரும்புத் தூள் மினுமினுத்தது.

"ஆறு நாளா இங்க எந்த வேலையும் செய்யக் கூடாதுன்னு போலீஸ் உத்தரவு. இந்தத் தூள் இன்னும் துருப்பிடிக்கல."

போச்சு. ஆதாரத்தை அரத்தால் தேய்த்து அழித்திருக்கிறார். மகளின் கணவனைக் கொல்லப் பார்த்துவிட்டு, அதன் தடயத்தையும் அழித்திருக்கிறார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "இவருக்கா மாமா இவ்வளவு நேரம் வக்காலத்து வாங்கினீங்க?" என்று கத்தினேன்.

"இரு." மாமா மேஸ்திரியின் எதிரில் போய் நின்றார். "போலீஸ் மூணு தடவை இங்க வந்தாங்க. மூணு தடவையும் டீ கொடுத்து உட்கார வச்சீங்க. பைக் சொந்தக்காரர் தினம் வந்து உங்களைக் கொலைகாரன்னு திட்டிட்டுப் போறார். அவருக்கும் கதவு திறந்துதான் இருக்கு. ஒருத்தியை மட்டும் படி ஏற விடல. தப்பு செஞ்சவன் போலீசுக்கு மறைப்பான் மேஸ்திரி. நீங்க உங்க மகளுக்கு மட்டும் எதை மறைக்கிறீங்க?"

மேஸ்திரி ஒரு அடி பின்னால் போனார்.

"இடது கையை வெளியே எடுங்க."

"வேண்டாம் சார்."

"எடுங்க."

கை மெதுவாக வெளியே வந்தது. விரல்கள் எதையோ இறுக்கி மூடியிருந்தன. மாமா ஒவ்வொரு விரலாக விரித்தார். உள்ளங்கையில் ஆறு நாள் பிடித்த பிடியில் உடைந்த விளிம்பு வெட்டி வெட்டி, புண் காய்ந்தும் காயாமலும் இருந்தது. அதன் நடுவில் பன்னிரண்டாவது துண்டு கிடந்தது.

மாமா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

ஒரு பக்கம் உடைந்த முகம் வழவழவென்று இருந்தது. ஒரு ஓரத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சின்ன வளையம், அதைச் சுற்றிப் பெரிய வளையம். முதல் விரிசல் அந்தப் புள்ளியில்தான் விட்டிருக்கிறது என்பது எனக்கே புரிந்தது. துண்டைத் திருப்பினேன். மேற்புறம் முழுக்க அரம் தேய்த்த வரிகள். அவை விரிசல் விளிம்புக்கு நெல் அளவு முன்பாக நின்றுவிட்டன. அந்த மிச்ச இடத்தில், மணியாக, ஒரே ஒரு எழுத்து. 'வா'. அதன் குறுக்குக் கீற்றில்தான் அந்தப் புள்ளி இருந்தது.

என் நாற்காலிக் கையில் இருந்த எழுத்து. கத்தரிக்கோலில் இருந்த எழுத்து.

"ஐயோ," என்றேன்.

"துணிக்கடையில பார்த்திருக்கியா?" மாமா தாழ்ந்த குரலில் சொன்னார். "புதுத்துணியை எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. ஓரத்துல கத்தரியால ஒரு நறுக்கு வச்சா போதும், அப்புறம் கையாலேயே சர்ருன்னு கிழிச்சிடலாம். அந்த நறுக்குதான் இது."

மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு சாயந்தரம் சாப்பாடு கொண்டு வந்தா. ராடைத் துடைச்சுத் துணியில வச்சுட்டுக் கை கழுவப் போனேன். அந்த ரெண்டு நிமிஷம்தான். பேனா எப்பவும் அவ பையிலயே இருக்கும். வெட்டிட்டு எண்ணெயைத் தடவி அப்படியே வச்சிருக்கா. திரும்பி வந்து நான் அப்படியே எடுத்து மாட்டிட்டேன். இன்ஜினைத் திறந்த அன்னைக்கு இந்தத் துண்டு கையில வந்தப்பவும் எனக்குக் கண்ணு தெரியல. விரல்ல பட்டுச்சு. தினம் சாப்பாட்டு டப்பா மூடியில தடவுற எழுத்து சார், எனக்குத் தெரியாதா? 'பத்திரமா வா'ன்னு எழுதியிருக்கா."

"இன்ஜின் கட்டுறவர் மகளுக்கு இது தெரியாதா?" என்று கேட்டேன்.

"இன்ஜின் பக்கமே விடலையே தம்பி. கை கறுப்பாயிடும், நீ நல்லா எழுது போதும்னு நான்தானே துரத்தினேன்? இது நான் சொல்லிக் கொடுக்காத தப்பு. அதுக்கு மேல, கண்ணாடியைப் போட்டிருந்தா நான் பார்த்திருப்பேன். பார்க்காம மாட்டினது என் கை. அப்போ நான்தான் செஞ்சேன்னு சொல்றதுல என்ன பொய் இருக்கு?"

"மேஸ்திரி, முதல்ல உங்க மகளுக்குத்தான் சொல்வேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதீங்க சார். என்னை வெறுத்தா அவ பொழைச்சுக்குவா. தன்னையே வெறுத்தா பொழைக்க மாட்டா."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் அவரிடம் பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருப்பார்கள். எல்லோரும் தங்களுக்காகக் கெஞ்சியிருப்பார்கள். நான் ஏதாவது சொல்லி அந்த இறுக்கத்தைக் கலைக்கப் பார்த்தேன். ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை.

வெளியே ஜீப் நிற்கும் சத்தம். கதவு தடதடத்தது.

"மாமா, மணி நாலு."

"திற."

இன்ஸ்பெக்டர் முதலில் வந்தார், பின்னால் மியூசியம். அவர்கள் இருவருக்கும் பின்னால் எழுத்துக்காரி. எட்டு நாளாக மிதிக்காத படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள்.

"உள்ள வராதம்மா!" மேஸ்திரி எழுந்தார்.

"வருவேன்," என்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டாள்.

"பன்னிரண்டாவது துண்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கு." மாமா அதைத் துணியின் நடுவில், இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். எழுத்து மேஜைப் பக்கம் இருக்கும்படி கவிழ்த்துத்தான் வைத்தார். "இது கொலை முயற்சி இல்லை சார். நட்டைப் பூட்டித்தான் வச்சிருக்கார், ஆதாரம் இதோ. ராடு மேல ஒரு கீறல் விழுந்திருக்கு. அதுல விரிசல் விட்டு, ஓட ஓட ஒடிஞ்சிருக்கு. தெரியாம நடந்தது."

"அப்போ எதுக்கு ஒளிச்சு வச்சார்?" மியூசியம் பாய்ந்தார். "கீறினது யாரு?"

"நான்தான்," என்றார் மேஸ்திரி.

இன்ஸ்பெக்டர் துண்டை எடுத்துத் திருப்பினார். "என்னமோ எழுத்து மாதிரி இருக்கே?"

"அடையாளத்துக்கு நான் வெட்டினது. புத்தி கெட்டுப்போய் வெட்டிட்டேன். கேஸை எழுதிக்கோங்க, போகலாம்."

எழுத்துக்காரி கையை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, கொடுத்துவிட்டார். அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்பா," என்றாள். "இவ்வளவு அழகா நீங்க எப்போ எழுதினீங்க?"

மேஸ்திரி தலை குனிந்தார்.

"முன்னாடி 'பத்திரமா'ன்னு இருந்துச்சே. அது எங்க போச்சுப்பா?"

"அழிச்சுட்டேன்மா." அவர் குரல் உடைந்தது. "இதையும் அழிக்கத்தான் அரத்தை வச்சேன். அதுக்கு மேல கை வரல."

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். அப்பாவின் இடது உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "இது என் எழுத்து சார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு ரேசுக்கும் போகும்போது எனக்குப் பயமா இருக்கும். வாசல்ல நின்னு சொன்னா சிரிப்பார். அதனால இன்ஜினுக்குள்ள எழுதினேன், யாரும் பார்க்க மாட்டாங்கன்னு. அதுதான் அவரைக் கீழே தள்ளியிருக்கு. என் பேரை எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மேஸ்திரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வேணும்னு செஞ்சது எதுவும் இல்லேன்னு எழுதிக்கிறேன்," என்று மூடினார். மியூசியம் வாயைத் திறந்தார். "சார், உங்க கார் மேல இந்தத் தடவை நிஜமாவே யாரோ சாய்ஞ்சிருக்காங்க," என்றேன் நான். இன்ஸ்பெக்டர் மியூசியத்தின் தோளில் கை போட்டு வெளியே அழைத்துக்கொண்டு போனார்.

எழுத்துக்காரி மாமாவிடம் வந்தாள். "முதல்ல எங்கிட்ட சொல்றேன்னீங்க."

"வாய் வரலம்மா. என்னை மன்னிச்சுடு."

"பரவாயில்ல. வீட்டுக்காரர்கிட்ட நான்தான் போய்ச் சொல்லணும். இப்பவே." இரண்டு அடி நடந்தவள் திரும்பினாள். அலமாரியிலிருந்த கூட்டைத் திறந்து, கண்ணாடியை எடுத்து அப்பாவின் மூக்கில் மாட்டிவிட்டாள். "நீங்களும் வாங்க. தனியா சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

மேஸ்திரி கண்ணாடி வழியாக அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அதுவரை அவர் அதை விரலால் தடவித்தான் பார்த்திருக்கிறார். இப்போதுதான் கண்ணால் பார்க்கிறார்.

"நல்லாத்தான்மா எழுதியிருக்கே," என்றார்.

ஆறு நாளாக அழாத பெண் அப்போது அழுதாள். அவர் அந்தப் புண்பட்ட இடது கையால் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நாங்கள் சத்தம் போடாமல் சந்துக்கு வந்துவிட்டோம். மியூசியம் கைக்குட்டையால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். டயர் கடையைத் தாண்டியதும் மாமா நின்றார்.

"வா, ஏதாவது சாப்பிடலாம்," என்றார்.

"பசிக்கல மாமா," என்றேன். முதல் தடவையாக அவர் அதை நம்பினார்.